குளியலறை நிலைக்கால் இற்றுப்போனது கரையானாலா?

கேள்வி: குளியலறைக் கதவு நிலையின் அடிப்பகுதி அரை அடி உயரத்துக்குப் பழுப்பாகி, கட்டம் கட்டமாக வெடித்திருக்கிறது. அழுத்தினால் தூளாகிறது. கரையான் என்கிறார் ஆசாரி. மருந்து அடித்துப் பெயின்ட் பூசினால் போதுமா?

போதாது. கரையான் என்றும் எனக்குத் தோன்றவில்லை. கரையான் வந்த இடத்தில் மண் இருக்கும்: சுவரோரம் மண் கோடோ, மரத்துக்குள் மண் அப்பிய பள்ளமோ கண்ணில் படும். சின்னச் சின்னக் கட்டிகளாகக் கழன்று, விரலிடுக்கில் தேய்த்தால் மூக்குப்பொடி மாதிரி ஆவது பூஞ்சையின் வேலை. பழுப்பு அழுகல் என்போம்.

இதன் வித்துகள் காற்றில் எப்போதும் இருப்பவை, தடுக்க முடியாது. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை ஒன்றும் ஆகாது, 30ஐ எட்டிவிட்டால் முளைத்து இழை இழையாக உள்ளே இறங்கும். நிலைக்காலின் அடிமுனைதான் பெரும்பாலும் ஈரம் நுழையும் வழி, ஏனென்றால் குறுக்கே அறுத்த முனை பக்கவாட்டைவிடப் பல மடங்கு வேகமாகத் தண்ணீரை இழுக்கும், அந்த முனைக்குத்தான் யாரும் பெயின்ட் அடிப்பதில்லை (தரைக்குள் போய்விடுகிறதே, யார் பார்க்கப்போகிறார்கள்!).

உள்ளே நடப்பதுதான் சுவாரசியம். மரத்துக்கு வலு தருவது செல்லுலோஸ், அதைக் கெட்டியாகப் பிணைத்திருப்பது லிக்னின். மரத்தைச் செரிக்கப் பூஞ்சை சுரக்கும் நொதிகள் பெரியவை, நல்ல மரத்தின் நுண்துளைகளுக்குள் நுழையாது. அதனால் அது முதலில் ஹைட்ரஜன் பெராக்சைடையும் இரும்பையும் சேர்த்து ஒரு ரசாயனத் தாக்குதல் நடத்தி செல்லுலோஸைத் துண்டாக்கிவிட்டு, அப்புறம் சாவகாசமாகத் தின்கிறது. மிஞ்சுவது பெரும்பாலும் லிக்னின், அந்தப் பழுப்பு அதனுடையது. காயும்போது அது சுருங்குவதால்தான் கட்டம் கட்டமாக வெடிப்பு. எடை பத்து சதவீதம் குறைவதற்குள் வலு பாதிக்குமேல் போயிருக்கும் என்பதால், வெடிப்புக்கு மேலே நன்றாகத் தெரிகிற மரத்தையும் நம்பாதீர்கள். ஊசி உளியைக் குத்தி நெம்புங்கள்: நல்ல மரம் நீளச் சிம்பாகப் பிளக்கும், கெட்டது சத்தமில்லாமல் பொட்டென்று ஒடியும்.

சரி, என்ன செய்வது? முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள், டைல்ஸ் இடுக்கா, குழாய்க் கசிவா என்று. அதை அடைக்காமல் பெயின்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சைக்கு வசதி. பிறகு, நெம்பிப் பார்த்து நல்ல மரம் தொடங்கும் இடத்துக்கும் ஓர் அடி மேலே அறுத்துவிட்டு, வைரம் பாய்ந்த கட்டையால் ஒட்டுப்போடச் சொல்லுங்கள். தேக்கே ஆனாலும் வெளிறிய வெள்ளைப் பகுதி வேண்டாம், அது சீக்கிரம் இற்றுவிடும். புதுக் கட்டைக்குப் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசல் பூசிக் காயவிட்டு, அடிமுனைக்கு இரண்டு கோட் பெயின்ட் கொடுத்து, தரையில் படாமல் ஒரு கிரானைட் துண்டின்மேல் நிறுத்தச் சொல்லுங்கள்.