ஊர் ஒதுக்கிவைத்தால் ரிட் போடலாமா?

கேள்வி: "இந்த வருடம் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஆடல் பாடல், வாணவேடிக்கை வேண்டாம், அந்தப் பணத்தில் பள்ளிக்குக் கழிப்பறை கட்டலாம்" என்று ஊர் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். அன்றிரவே கூட்டம் போட்டு எங்களை ஒதுக்கிவைத்துவிட்டார்கள். கோயில் வரி வாங்குவதில்லை, கடையில் சாமான் கிடையாது, சித்தப்பா மகள் கல்யாணத்துக்குக்கூட அழைப்பில்லை. அபராதம் 25,000 ரூபாய். கட்டாவிட்டால் குடிநீர்க் குழாயைப் பிடுங்குவோம் என்றார்கள். பயந்துபோய் அண்ணன் 10,000 கட்டிவிட்டார். எல்லோரும் ஒரே சமூகம்தான். கருத்துச் சுதந்திரத்துக்காக உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாமா? அவர்களைப் பற்றி நான் போடவிருக்கும் பதிவையும் இணைத்துள்ளேன்.
- வாசகர், தென்காசி மாவட்டம்

பதில்: நான்கு பக்கக் கடிதத்தில் மூன்று பக்கம் யார் யார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்பதுதான். வழக்குக்கு உதவுவது ஒரே வரி: குழாயைப் பிடுங்குவோம் என்று மிரட்டிப் பணம் வாங்கியது.

பேசாததற்கும் அழைக்காததற்கும் சட்டத்தில் மருந்து இல்லை. ஊர் விலக்கைக் குற்றமாக்க மகாராஷ்டிரத்தில் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு, நம்மிடம் இல்லை. ஒரே சமூகம் என்பதால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வராது. கருத்துச் சுதந்திரம் தரும் அரசியலமைப்பின் 19(1)(அ) உரிமையைத் தனிநபருக்கு எதிராகவும் கோரலாம் என்று 2023-இல் கௌஷல் கிஷோர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். அதை வைத்து மளிகைக்கடைக்காரரைச் சாமான் கொடுக்க வைக்கலாம் என்று நம்பி ஃபீஸ் கட்டாதீர்கள். கருத்துச் சொன்னது குற்றமாகாது என்பதும் சரி. நடிகை குஷ்பு 2005-இல் சொன்ன ஒரு கருத்துக்கு 23 வழக்குகள். அதில் குற்றமே இல்லை என்று உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் ரத்து செய்தது 2010-இல்.

மிரட்டிப் பணம் பறிப்பது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதாவின் பிரிவு 308. பணம் கைமாறிவிட்டதால் ஏழு ஆண்டு வரை சிறை. ஆனால் பணம் கொடுத்தவர் அண்ணன். புகாரும் அவர் கொடுத்தால்தான் வலுவாக நிற்கும். ஜிபேயில் அனுப்பியிருந்தால் நல்லது. ரொக்கமென்றால், 'கோயில் நன்கொடை' என்று அவர்கள் நாளைக்கே ஒரு ரசீது எழுதிவிடுவார்கள். அண்ணன் உறுதியாக நிற்பாரா என்பதை முதலில் பாருங்கள்.

இனி அந்தப் பதிவு. போடாதீர்கள். கழிப்பறை கட்டலாம் என்றது கருத்து. "நாட்டாமையும் பொருளாளரும் கோயில் பணத்தைத் தின்றார்கள்" என்பது குற்றச்சாட்டு. கணக்கு நோட்டு உங்கள் கையில் இருக்கிறதா? இல்லையென்றால் அவதூறு, பிரிவு 356. என்னிடம் வழக்குக்கு வந்தவர்களில், நியாயம் முழுக்கத் தம் பக்கம் இருந்த எத்தனையோ பேர் கோபத்தில் எழுதிய இரண்டாவது பதிவில்தான் மாட்டினார்கள். எதிர்த்தரப்பு அதைத்தான் எதிர்பார்த்துக் காத்திருக்கும். உடனே எதிர்ப்புகார் வரும். அப்புறம் இன்ஸ்பெக்டர் இருவரையும் உட்கார வைத்து, "ரெண்டு பேர் மேலயும் எஃப்ஐஆர் போடட்டுமா?" என்பார். உங்கள் போன் சாட்சிப் பொருளாக உள்ளே போகும். அந்த நேரத்தில் ஒரு வெள்ளைத்தாள் நீட்டப்படும். "நான் எழுதியது தவறு, இனி எழுத மாட்டேன்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வருவீர்கள்.

அந்தத் தாள் செல்லாதே என்பீர்கள். 2015-இல் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த பேச்சுவார்த்தையில், 'மாதொருபாகன்' நாவலுக்கு எழுந்த எதிர்ப்பால் எழுத்தாளர் பெருமாள்முருகன் எழுதிக் கொடுத்தது அவரைக் கட்டுப்படுத்தாது என்று 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. சரி. ஆனால் அதைச் சொல்ல உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. நடுவில் அவர் எழுதுவதையே விட்டுவிட்டதாக அறிவித்திருந்தார். உங்கள் ஊரிலோ அந்தத் தாளின் நகல் ஒவ்வொரு போனிலும் இருக்கும்.

என் யோசனை, சமாதானமாகப் போங்கள். 308 சமரசம் செய்துகொள்ளத்தக்க குற்றம் அல்ல. எஃப்ஐஆர் விழுந்தபின் மனம் மாறினால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய்த்தான் ரத்து வாங்க வேண்டும். அதனால் அண்ணன் புகார் கொடுத்து, எஃப்ஐஆருக்கு முன் புகாரைப் பெற்றதற்கு ஸ்டேஷனில் தரும் சிஎஸ்ஆர் ரசீது வாங்கிய நிலையிலேயே பேசுங்கள். பத்தாயிரம் திரும்ப வர வேண்டும், மீதி அபராதம் இல்லை, குழாயைத் தொடக் கூடாது, மூன்றும் எழுத்தில். பதிலுக்கு "யார் மனதையும் புண்படுத்தும் நோக்கம் எனக்கில்லை" என்ற வரிக்குக் கையெழுத்துப் போடலாம். 'தவறு' என்ற சொல் இருந்தால் அடித்துவிட்டுப் போடுங்கள்.

ஆடல் பாடலுக்கு அனுமதி கேட்டு அவர்களும் அதே ஸ்டேஷனில்தான் நிற்க வேண்டும். கொடை நெருங்கும் நேரத்தில் எந்தக் கமிட்டியும் வழக்கை விரும்பாது. கொடைக்குக் கால் நாட்டுவதற்கு முன்பே அண்ணனை அழைத்துக்கொண்டு போய்விடுங்கள்.