கேள்வி–பதில்: கடைசி வாங்கில் ஒரு மணித்தியாலம்

கேள்வி: நாங்கள் தலைமுறைகளாகத் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். என் மகன் கத்தோலிக்கக் குடும்பத்தில் மணம் முடித்திருக்கிறான். அண்மையில் சம்பந்தியார் காலமானார். அடக்கத் திருப்பலிக்கும், பின்னர் 31ஆம் நாள் பூசைக்கும் போயிருந்தேன். கடைசி வாங்கில் இருந்தேன். எல்லோரும் முழந்தாளிட்டபோது நான் தலையைக் குனிந்தபடி இருந்துவிட்டேன். நன்மை (நற்கருணை) எடுக்க அனைவரும் எழுந்து போனபோது அந்த வாங்கில் நான் மட்டுமே மிஞ்சினேன். சென்ற ஆண்டு முதல் நன்மை எடுத்த என் பேத்தி திரும்பி வந்து, “அப்பம்மா, நீங்கள் ஏன் வரேல்லை?” என்று கேட்டாள். இறந்தவருடைய ஆன்மாவுக்காகச் செபித்தபோது ‘ஆமென்’ சொல்லலாமா என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டேன். போனது பிழையா, போய் அப்படி இருந்தது பிழையா என்று மனம் அரித்துக்கொண்டே இருக்கிறது. — வாசகி, மானிப்பாய்.

பதில்: அம்மா, நீங்கள் போனது பிழையே இல்லை. எங்கள் ஊரில் செத்தவீட்டுக்குப் போகாமல் விடுவது, வாய்விட்டுச் சண்டை பிடிப்பதிலும் பெரிய காயத்தை உண்டாக்கும். அதுவும் மருமகளின் தகப்பனாருடைய அடக்கத்துக்குப் போகாமல் இருந்திருந்தால், அதை உங்கள் சமயப் பற்று என்று யாரும் எடுத்துக்கொண்டிருக்கமாட்டார்கள். போய் அப்படி இருந்ததும் பிழை என்று நான் கருதவில்லை. ஆனாலும் நீங்கள் அனுபவித்த கூச்சம் பல இடங்களிலிருந்து வந்து ஒன்றாகக் கலந்திருக்கிறது. அதைப் பிரித்துப் பார்த்தால் உங்கள் மனம் ஓரளவு ஆறும் என்று நம்புகிறேன்.

நானும் உங்கள் சபையைச் சேர்ந்தவனே. நமக்கு நற்செய்தியைக் கொண்டுவந்த அமெரிக்க மிசனரிமார் 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். அவர்கள் நியூ இங்கிலாந்தின் வெறுஞ்சுவர்க் கோயில்களில் வளர்ந்தவர்கள். சுரூபமும் தூபமும் இல்லாத, பிரசங்கத்தை நடுவில் வைத்த ஆராதனையே அவர்களுக்குத் தெரிந்த ஆராதனை. தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் உடுவிலிலும் அவர்களிடம் வந்து சேர்ந்த நம் முன்னோரோ சைவக் கோயில்களின் விக்கிரகங்களையும் திருவிழாக்களையும் விட்டுவிட்டு, சொந்தக்காரரின் கோபத்தையும் தாங்கிக்கொண்டு வந்தவர்கள். அப்படி வந்தவர்களின் கண்ணுக்கு, கொடியேற்றமும் நவநாளும் மாலை சூட்டிய சுரூபம் தெருவில் வலம் வரும் சுற்றுப்பிரகாரமும், தாங்கள் பெரிய விலை கொடுத்து விட்டுவந்த ஒன்று வேறு வாசலால் திரும்பி வருவதைப் போலத் தெரிந்திருக்கும். ஆகவே கத்தோலிக்கக் கோயில் வாசலில் நமக்குள் ஏற்படும் ஒதுக்கத்துக்கு 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் நடந்த புரட்டஸ்தாந்து சீர்திருத்தம் மட்டும் காரணமல்ல. அதில் பெரும்பகுதி நம்முடைய வீட்டு முற்றத்திலேயே முளைத்தது.

சுரூபத்துக்குச் செய்யும் வணக்கம் அந்தச் சுரூபம் யாரைக் குறிக்கிறதோ அவரையே போய்ச் சேர்கிறது என்று 787ஆம் ஆண்டிலே நிசேயாவில் கூடிய சங்கம் போதித்தது. கத்தோலிக்கர் இன்றும் அதையே சொல்லுகிறார்கள். அந்த விளக்கம் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. நான் எந்தச் சுரூபத்தின் முன்பும் மெழுகுதிரி கொளுத்துவதில்லை. ஆனால் கொளுத்துகிறவர்களை விக்கிரக ஆராதனைக்காரர் என்று சொல்லுவதை விட்டு நெடுங்காலமாகிவிட்டது. அவர்கள் என்ன செய்கிறோம் என்று சொல்லுகிறார்களோ அதை நம்புவதுதான் நியாயம்.

அவர்கள் பக்கத்து நினைவையும் நாம் மறக்கக்கூடாது. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபோது கத்தோலிக்கரின் கோயில்கள் சீர்திருத்த சபையின் கைக்கு மாறின, அவர்களுடைய குருமார் நாட்டில் இருப்பதற்கே தடை விதிக்கப்பட்டது. 1687இல் கோவாவிலிருந்து வந்த ஜோசப் வாஸ் அடிகளார் பிச்சைக்காரக் கோலத்தில் யாழ்ப்பாணத்துக்குள் நுழைந்து, சில்லாலையில் மறைவாகத் தங்கிப் பூசை செய்தார். 2015 ஜனவரி 14ஆம் திகதி கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக அறிவித்தது அவரைத்தான். கத்தோலிக்கர் மீதான சட்டத் தடைகள் நீங்கியது ஆங்கிலேயர் காலத்தில், 1806இலேதான். ஒல்லாந்தருடைய சபை நம்முடைய சபை அல்ல. ஆனாலும் கொள்கையில் நமக்கு நெருங்கிய உறவு. நாம் இன்று அவர்களுடைய வாங்கின் ஓரத்தில் கூச்சத்தோடு இருக்கிறோம். அவர்களோ ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு வாங்கே இல்லாமல் இருந்தவர்கள்.

இனி அந்த ஒரு மணித்தியாலத்துக்கு வருவோம். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, போரினால் வலிகாமத்தை விட்டு மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்த இலட்சக்கணக்கானோரில் எங்கள் குடும்பமும் ஒன்று. தென்மராட்சியில் ஒரு கத்தோலிக்கக் கோயிலின் விறாந்தையில் எங்களுக்கு இடம் கிடைத்தது. முதல் ஞாயிறு பூசை மணி அடித்ததும் நான் பாயைச் சுருட்டி வைத்துவிட்டுக் கிணற்றடியில் போய் நின்றுகொண்டேன். அந்நேரம் எனக்கு அதுதான் விசுவாசமாகத் தெரிந்தது. என் தாயாரோ சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். கர்த்தருடைய ஜெபம் வந்தது. எல்லோரும் “விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே” என்று சொல்ல, அவர் தனக்குப் பழக்கமான “பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே” என்ற பாடத்தையே சொல்லியிருக்கிறார். தீமையிலிருந்து எங்களை விடுவித்தருளும் என்ற இடத்தில் சபை நிறுத்திவிட்டது, ஏனென்றால் அவர்களுடைய ஒழுங்கின்படி அங்கே குருவானவர் ஒரு மன்றாட்டைச் சொல்லவேண்டும். அம்மாவுக்கு அது தெரியாது. அந்த அமைதிக்குள் “ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்” என்று அவருடைய குரல் மட்டும் தனித்து எழும்பி, பாதியில் நின்றுவிட்டது. கிணற்றடியில் நின்ற எனக்கு உடம்பு கூசியது. சிறிது நேரத்தில் குருவானவருடைய மன்றாட்டு முடிய, முழுச் சபையும் அம்மா விட்ட அதே துதியை வேறு சொற்களில் சொல்லி முடித்தது. பக்கத்தில் இருந்த குருநகர்க் கிழவி ஒருவர் தன் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்கள் கொஞ்சம் முந்திவிட்டீர்கள், பிள்ளை” என்று சொன்னதாக அம்மா பிறகு சொன்னார். அடுத்த ஞாயிறு நானும் உள்ளே போனேன்.

உள்ளே போனபோது, எனக்குத் தெரியாதவற்றைவிடத் தெரிந்தவையே அதிகம் என்று கண்டேன். பழைய ஏற்பாடு, நிருபம், சுவிசேஷம் என்ற வாசிப்பு ஒழுங்கு, விசுவாசப் பிரமாணம், “பரிசுத்தர், பரிசுத்தர், பரிசுத்தர்” என்ற துதி யாவும் நம்முடையவையே. ஒருவருக்கொருவர் கைகூப்பிச் சமாதானம் சொல்லுவதை நம்மவர் பலர் கத்தோலிக்க வழக்கம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் தென்னிந்தியத் திருச்சபை 1950இல் வெளியிட்ட ஆராதனை முறைமையில் அந்தப் பண்டைய வழக்கத்தை மீட்டெடுத்து மக்கள் கைக்குக் கொடுத்துவிட்டது. உரோமைத் திருச்சபையில் அது எல்லா மக்களுக்கும் வந்தது இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகுதான். அந்த இடத்தில் நீங்கள் விருந்தாளியே அல்ல.

முழந்தாளிடும் இடம் வேறு. குருவானவர் உயர்த்திக் காட்டும் அப்பம் கிறிஸ்துவின் உடலாகவே மாறிவிட்டது என்று அவர்கள் விசுவசிக்கிறார்கள். 1215இல் நடந்த இலாத்தரன் சங்கம் அந்த மாற்றத்துக்குரிய சொல்லைக் கையாண்டது, திரெந்து சங்கம் 16ஆம் நூற்றாண்டில் அதை உறுதிப்படுத்தியது. அப்படி விசுவசிக்கிறவன் முழந்தாளிடாமல் இருந்தால்தான் பிழை. விசுவசிக்காத நீங்கள் பார்வைக்காக முழந்தாளிட்டிருந்தால் அது அவர்களுக்கும் மரியாதையாக இருந்திராது. தலையைக் குனிந்து அமைதியாக இருந்தீர்களே, அது போதும். பூசை கல்வாரிப் பலியைத் திரும்பவும் பலியிடுவது என்று நம்மில் பலர் இன்றும் நினைக்கிறார்கள். அவர்களுடைய போதனை அதுவல்ல, ஒரேதரம் செலுத்தப்பட்ட அதே பலி அங்கே நம்முன் வருகிறது என்பதே. எபிரேயர் நிருபத்தின் ‘ஒரேதரம்’ என்ற சொல்லைச் சிறுவயதிலேயே மனனம் செய்த எனக்கு அதிலும் ஒரு நெருடல் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது அறியாமையால் வரும் நெருடல் அல்ல, அவ்வளவே.

உங்களை உண்மையில் வருத்தியது, வாங்கு வெறுமையான அந்த ஐந்து நிமிடம் என்று நினைக்கிறேன். என்னையும் அதுதான் வருத்துகிறது, இத்தனை ஆண்டுக்குப் பிறகும். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 844ஆம் பிரிவின்படி, மரண ஆபத்திலோ ஆயர் ஏற்கும் மிகப் பெரிய தேவையிலோ, தன் சபைப் போதகரை அணுக முடியாத ஒருவர், நற்கருணை பற்றிய கத்தோலிக்க விசுவாசத்தை ஏற்றுத் தானாகக் கேட்டால் மட்டுமே, நம்மைப் போன்றவர்களுக்கு அது கொடுக்கப்படலாம். ஆகவே நீங்கள் எழுந்து போகாமல் இருந்தது அவர்களுடைய ஒழுங்கை மதித்ததாகும். நம்முடைய திருவிருந்துக்கு மற்றச் சபையாரையும் அழைக்கும் நமக்கு, அழைக்கப்படாமல் இருப்பது நோகும். அந்த நோவை மறைக்கத் தேவையில்லை. 2015 நவம்பரில் உரோமையிலுள்ள லுத்தரன் கோயிலுக்குப் பாப்பரசர் பிரான்சிஸ் சென்றபோது, கத்தோலிக்கரை மணந்த ஒரு லுத்தரன் பெண்மணி இதையே கேட்டார். அனுமதி கொடுக்கத் தனக்குத் துணிவில்லை என்றும், ஆண்டவரோடு பேசி முன்செல்லும்படியும் பாப்பரசர் சொன்னார். பாப்பரசருக்கே நேர்ப்பதில் சொல்லக் கடினமாக இருந்த கேள்வியை உங்கள் பேத்தி கேட்டிருக்கிறாள். அவளிடம், “இயேசுவின் பிள்ளைகள் இன்னும் ஒரே மேசையில் இருந்து சாப்பிடப் பழகவில்லை, அப்பம்மாவுக்கும் அது கவலைதான்” என்று உள்ளதைச் சொல்லுங்கள். “அது உங்கள் சமயம், இது எங்கள் சமயம்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் அந்தக் கோட்டைக் கீறிக்கொள்வாள்.

இறந்தவருக்கான செபம் பற்றி: கத்தோலிக்கர் இதற்கு ஆதாரமாகக் காட்டும் மக்கபேயர் இரண்டாம் நூலின் 12ஆம் அதிகாரம் நம்முடைய வேதாகமத்தில் இல்லை. இறந்தோரின் ஆன்மா பாடுபட்டுத் தூய்மையாகும் இடமாக அவர்கள் சொல்லும் உத்தரிக்கும் தலத்தை நாம் ஏற்பதுமில்லை. அந்த ஆன்மாவின் பாடுகள் குறையவேண்டும் என்ற மன்றாட்டுக்கு நீங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தது உண்மையான செயலே. ஆனால் அதே பூசையில் அவருடைய வாழ்வுக்கு நன்றி சொல்லுகிறார்கள், அழுகிற குடும்பத்துக்கு ஆறுதல் கேட்கிறார்கள், உயிர்த்தெழுதலின் நம்பிக்கையை அறிக்கையிடுகிறார்கள். அவற்றுக்கெல்லாம் உரத்தே ஆமென் சொல்லலாம். 31ஆம் நாள் என்ற கணக்கும் கத்தோலிக்கருடையது மட்டுமல்ல. சைவர் அந்த நாளில் அந்தியேட்டிக் கிரியை செய்யும் இந்த மண்ணில் நாமும் 31ஆம் நாளில் உறவினரைக் கூட்டி ஜெபம் வைத்துச் சாப்பாடு கொடுக்கிறோம். உங்கள் வீட்டில் அப்படி ஒரு நாள் வரும்போது உங்கள் மருமகளும் ஒரு வாங்கின் ஓரத்தில் இருப்பாள்.

கேள்வி: நான் அங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவன். நான் மணக்கவிருக்கும் பெண் கத்தோலிக்கர். அவரோடு பூசைக்குப் போகையில் இரண்டு தடவை வரிசையில் சென்று நன்மை எடுத்துவிட்டேன். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. இதில் பிழை உண்டா? — வாசகர், சுண்டுக்குளி.

பதில்: தம்பி, உண்டு. யாரும் கேட்காததை அனுமதி என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. குருவானவர் உங்களைத் தன் ஆட்டுக்குட்டி என்று நம்பிக் கொடுத்தார். மூன்றாவது தடவைக்கு முன்பே பங்குத் தந்தையிடம் நேரே போய் நடந்ததைச் சொல்லுங்கள். கோபிக்கமாட்டார். நன்மை எடுக்காதவர்கள் கைகளை மார்பில் குறுக்காக வைத்துச் சென்று ஆசீர்வாதம் பெறும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அவருடைய பங்கில் அது உண்டா என்று அப்போதே கேட்டுக்கொள்ளலாம். எப்படியும் திருமணத்துக்கு ஆயரின் அனுமதி வேண்டியிருப்பதால் பங்குத் தந்தையைச் சந்திக்கத்தான் போகிறீர்கள். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் இயன்றதைச் செய்வதாக உங்கள் துணைவியார் வாக்குக் கொடுப்பார். 1970க்குப் பிறகு உங்களிடம் அந்த வாக்குக் கேட்பதில்லை, ஆனால் அவர் கொடுக்கும் வாக்கை உங்களுக்கு அறிவிப்பார்கள். அதைக் கலியாணத்துக்கு முந்திய கிழமையில் முதன்முதலாகக் கேட்டுத் திகைக்காமல், இப்போதே இருவரும் இருந்து கதையுங்கள்.

கேள்வி: எங்கள் கோயில் திருநாளுக்கு என்னோடு படிப்பிக்கும் மெதடிஸ்த ஆசிரியை ஒருவரை ஆசையோடு அழைத்தேன். திருப்பலிக்கு வந்தவர், சுரூபம் தூக்கும் நேரத்தில் சொல்லாமல் போய்விட்டார். என் தாயாருக்குப் பெரிய மனவருத்தம். அவர்கள் ஏன் எங்களை இப்படி அவமதிக்கிறார்கள்? — வாசகி, பாஷையூர்.

பதில்: தங்கச்சி, அவர் வந்தாரே என்பதை முதலில் பாருங்கள். 1964 நவம்பரில் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றிய தன் ஆணையை வெளியிடும்வரை, கத்தோலிக்கர் பிற சபைகளின் ஆராதனையில் பங்குபற்றுவது சட்டப்படி தடையாக இருந்தது. உங்கள் தாயாரின் பெற்றோர் ஒரு மெதடிஸ்தக் கலியாணத்துக்குப் போயிருந்தால், கூட இருந்து பாடாமலும் ஜெபத்தில் சேராமலும் ஒதுங்கியே இருந்திருப்பார்கள். அவர்களுக்கு யாரையும் அவமதிக்கும் எண்ணம் இருந்ததில்லை. உங்கள் தோழிக்கும் இருந்திராது. தன்னால் கூட நடக்க முடியாத ஓர் ஊர்வலத்தின் ஓரத்தில் எல்லோரும் பார்க்க நிற்பதற்கு அவர் பயந்திருப்பார். சொல்லாமல் போனது பிழைதான். அதை நீங்கள் அவரிடம் அன்போடு சொல்லலாம். அடுத்த திருநாளுக்கு அழைக்கும்போது, சுற்றுப்பிரகாரம் எத்தனை மணிக்குத் தொடங்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீங்கள் சுரூபத்தின் பின்னால் போய் வரும்வரை, கோயில் வளவில் உங்கள் தாயாருக்குப் பக்கத்தில் அவருக்கும் ஒரு கதிரை போட்டு வையுங்கள்.