டென்மார்க் கடை ரசீதில் வரும் ‘பன்ட்’ என்பது என்ன?

குளிர்பானத்தின் விலைக்கு மேல் ‘பன்ட்’ என்று சேர்த்திருப்பது வரி அல்ல. காலி பாட்டிலுக்கான முன்பணம். திருப்பிக் கொடுத்தால் முழுத் தொகையும் வந்துவிடும். லேபிளில் ஏ என்றிருந்தால் 1 குரோனர், பி என்றால் 1.50, சி என்றால் 3.

நெட்டோ, ரேமா 1000 போன்ற கடைகளில் இதற்கென்று வட்டத் துளையுள்ள இயந்திரம் இருக்கிறது. பாட்டிலைப் படுக்கவைத்து உள்ளே தள்ளுங்கள்; அது உருட்டிப் பார்த்து லேபிளைப் படிக்கும். அதனால் தயவுசெய்து நசுக்காதீர்கள். பொத்தானை அழுத்தினால் சீட்டு வரும். கல்லாவில் கொடுத்தால் பில்லில் கழித்துக்கொள்வார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. கோபன்ஹேகனில் பல குப்பைத்தொட்டிகளின் பக்கவாட்டில் சிறு தட்டு பொருத்தியிருக்கிறார்கள். நேரமில்லாதவர் பாட்டிலை அதில் வைத்துவிட்டுப் போகலாம். தேவைப்படுபவர் குப்பையைக் கிளறாமல், மரியாதையோடு எடுத்துக்கொள்ளலாம்.