1/35 டியோராமா (நிஜ அளவில் 35இல் ஒரு பங்காகச் செய்த சிறு மாடல் காட்சி) கட்டினேன், பெயின்ட் நன்றாக வந்தும் பொம்மை மாதிரியே தெரிகிறது. எங்கே தவறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நீங்கள் கேள்வியில் சொன்னதை வைத்துப் பார்த்தால், 1944 ஜூலை, பிரான்சின் நார்மண்டி, அமெரிக்க ஷெர்மன் டாங்கி ஒன்று, பாதி இடிந்த இரண்டு மாடி வீடு, ஐந்து சிப்பாய்கள். தனித்தனியாகக் கையில் எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் அழகாக இருக்கிறது. சேர்த்து வைத்தால் அலமாரியில் அடுக்கிய பொம்மை மாதிரி ஆகிவிடுகிறது. இதே இடத்தில் நானும் நின்றிருக்கிறேன், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

என் முதல் பெரிய டியோராமாவும் ஏறக்குறைய இதே காட்சிதான். எட்டு மாத வேலை. பல ஆண்டுகளாக மாடல் கட்டி வரும் ஒரு மூத்தவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பெயின்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நோட்டிலிருந்து விரல் அகலத்துக்கு ஒரு தாளைக் கிழித்தார். டாங்கியின் இடப்பக்க டிராக்குக்கு, அதாவது சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புப் பட்டைக்கு, அடியில் நுழைத்தார். தாள் வழுக்கிக்கொண்டு உள்ளே போய் மறுபக்கம் வந்தது.

"இந்த வண்டி எத்தனை டன், தம்பி?"

"முப்பது டன் இருக்கும்."

"முப்பது டன் வண்டிக்கு அடியில பேப்பர் போகுதே."

அடுத்து சிப்பாய்களின் பூட்ஸுக்கு அடியில் நுழைத்தார். நான்கு பேரில் மூன்று பேர் காற்றில் நின்றார்கள். ஒருவன் துப்பாக்கியைத் தோளில் வைத்துக் குறிபார்ப்பது போன்ற உருவம். அந்தத் துப்பாக்கிக் கட்டைக்கும் தோளுக்கும் நடுவிலும் தாள் நுழைந்தது. அன்றிலிருந்து யாருடைய டியோராமாவைப் பார்த்தாலும் என் கண் முதலில் போவது இரண்டு பொருட்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களுக்குத்தான். டிராக்கும் மண்ணும், காலும் தரையும், கையும் துப்பாக்கியும், கல்லும் கல்லும். மனிதக் கண் எடையை உணர்வது அங்கேதான். அங்கே ஓர் இடைவெளி இருந்தால், மேலே எவ்வளவு நுணுக்கமான பெயின்ட் இருந்தாலும் மூளை "பிளாஸ்டிக்" என்று முடிவு கட்டிவிடும்.

தொடும் இடம் சரியாக வர வேண்டுமானால் வேலையின் வரிசையையே மாற்ற வேண்டும். பெரும்பாலோர் டாங்கியை முழுசாக முடித்துவிட்டு, பேஸை (காட்சி நிற்கும் தரைப்பகுதியை) இன்னொரு பக்கம் முடித்துவிட்டு, கடைசியில் ஒன்றின் மேல் ஒன்றை வைக்கிறார்கள். கிட்டில் (பாகங்களாக வரும் மாடல் பெட்டியில்) வரும் சக்கரங்களை ஒரே மட்டத்தில் ஒட்டியிருப்பார்கள், அது மேஜைக்குத்தான் பொருந்தும். நிஜ ஷெர்மனுக்கு ஒரு பக்கம் மூன்று போகி (சக்கரங்களைத் தாங்கும் சட்டம்), ஒவ்வொன்றிலும் இரண்டு சக்கரம். கல் ஒன்றின் மேல் ஏறினால் அந்த இடத்துச் சக்கரம் மட்டும் மேலே போகும், டிராக் அங்கே வளையும். டைகர், பாந்தர் எனும் ஜெர்மன் டாங்கிகளில் ஒவ்வொரு சக்கர அச்சுக்கும் தனித்தனியாக மேலும் கீழும் அசையும் கை உண்டு, அதனால் இன்னும் நன்றாகத் தெரியும். ஆகவே தரை எப்படி இருக்கப் போகிறது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அப்புறம் சக்கரத்தை ஒட்டுங்கள்.

தரைக்கு நான் செய்வது இது. கெட்டியான ஃபோமைச் செதுக்கி மேடு பள்ளம் கொண்டுவருவேன். ஃபோமுக்கு வெள்ளைப் பசைதான். பிளாஸ்டிக் ஒட்டும் சிமென்ட் பட்டால் ஃபோம் கரைந்துவிடும். அதன் மேல் சுவர்ப் பட்டி மாவு, சலித்த மணல், வெள்ளைப் பசை, பழுப்பு அக்ரிலிக் பெயின்ட் எல்லாம் கலந்த களி. பெயின்டைக் களியிலேயே கலப்பது முக்கியம். என் முதல் பேஸில் வெறும் வெள்ளை மாவைப் பூசி மேலே நிறம் அடித்திருந்தேன். ஒரு முனை பெயர்ந்ததும் மண்ணுக்குள்ளிருந்து சுண்ணாம்பு எட்டிப் பார்த்தது. இன்னொன்று, அடியில் மரப்பலகை வைப்பதாக இருந்தால் இரண்டு பக்கமும் வார்னிஷ் அடித்துவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஈரம் ஏறினால் பலகை வளையும், பலகை வளைந்தால் டிராக் மறுபடியும் காற்றில் நிற்கும்.

களி ஈரமாக இருக்கும்போதே டாங்கியின் அடிப்பக்கத்தை மெல்லிய பிளாஸ்டிக் உறையால் சுற்றி, உட்கார வேண்டிய இடத்தில் வைத்து அழுத்துங்கள். ஷெர்மனின் டிராக் அகலம் ஏறக்குறைய 42 செ.மீ., 1/35இல் 12 மி.மீ. டைகர் சண்டைக்குப் போகும்போது மாட்டும் அகல டிராக் 72.5 செ.மீ., அதாவது 21 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. பின்னால் விடும் தடமும் அதே அகலத்தில்தான் இருக்க வேண்டும். அழுத்தப்பட்ட மண் எங்கேயாவது போயாக வேண்டும் இல்லையா, அது இரண்டு ஓரங்களிலும் உதடு மாதிரி மேலெழும்பி நிற்கும். வண்டி திரும்பியிருந்தால் டிராக் பக்கவாட்டில் இழுபட்டு மண்ணை ஒரு பக்கமாகக் குவித்திருக்கும். தடம் வண்டிக்குப் பின்னால்தான் இருக்கும் என்பதும் பலருக்கு மறந்துபோகிறது. முன்னாலும் தடம் இருந்தால் அது வேறொரு வண்டியுடையது, அப்படியானால் அந்த வண்டி எங்கே போனது என்று பார்ப்பவர் கேட்பார்.

சிப்பாய்களுக்கு ஒவ்வொரு பாதத்திலும் மெல்லிய கம்பி ஒன்றைச் செருகி, ஈரக் களியில் பூட்ஸின் அடிப்பகுதி லேசாகப் பதியும்படி நிறுத்துவேன். காய்ந்ததும் தரைக்குப் பயன்படுத்திய அதே பிக்மென்டை (நிறப்பொடியை) பூட்ஸிலும், கால்சட்டையின் அடிவிளிம்பிலும், டாங்கியின் கீழ்ப்பாதியிலும் தடவுவேன். தரைக்கு ஒரு மண், டாங்கிக்கு வேறு மண் என்று இருந்தால் அவை வேறு வேறு ஊரிலிருந்து வந்தவையாகத் தெரியும்.

அடுத்து இடிபாடு. ஒரு சுவரில் 10 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம், 1 செ.மீ. தடிமனுக்கு ஓட்டை போட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 120 கன சென்டிமீட்டர் கல் காணாமல் போயிருக்கிறது. அவ்வளவும் கீழே கிடக்க வேண்டும். இடைவெளிகளோடு குவிவதால் இன்னும் அதிக இடத்தையே பிடிக்கும். அனேகமாக எல்லா டியோராமாவிலும் இடிபாடு மிகவும் குறைவு, நான்கு செங்கல் மட்டும் அழகாகச் சிதறிக் கிடக்கும். நிஜத்தில் உத்தரம், தரைப்பலகை, கூரை ஓடு, ஜன்னல் சட்டம், காரை எல்லாம் கலந்து விழும். படுகிடையான பரப்பு எல்லாவற்றின் மேலும் காரைத் தூசி படியும். ஒரே அளவில் வெட்டிய செங்கற்களைக் கொட்டுவதைவிட, பொடியிலிருந்து பெரிய துண்டு வரை பல அளவுகளில் போடுங்கள். 1 மி.மீ. மணல் துணுக்கு 1/35இல் மூன்றரை செ.மீ. கல், நினைவில் வையுங்கள். அதோடு நார்மண்டியில், குறிப்பாகக் கான் நகரைச் சுற்றி, வீடுகள் பல வெளிர் மஞ்சள் சுண்ணாம்புக் கல்லில் கட்டியவை. உங்கள் காட்சி அந்தப் பக்கம் என்றால் சிவப்புச் செங்கல் குவியல் பொருந்துமா என்று பழைய புகைப்படங்களில் பாருங்கள்.

காலத்தையும் சரிபார்க்க வேண்டும். நான் விமர்சிக்கும்போது இதில் கொஞ்சம் கறாராகவே இருப்பேன், ஏனென்றால் இது நிஜமாக நடந்த போர். ஈஸி எய்ட் எனப்படும் எம்4ஏ3இ8 ஷெர்மன் ஐரோப்பியப் போர்முனைக்கு வந்தது 1944 டிசம்பரில். அதை ஜூலை நார்மண்டியில் நிறுத்த முடியாது. ஜெர்மன் டாங்கிகளில் பூசிய சிம்மெரிட் எனும் வரிவரியான பூச்சு 1943 இலையுதிர் காலத்தையொட்டித்தான் தொடங்கியது, எனவே 1943 ஜூலையில் ரஷ்யாவின் கூர்ஸ்க்கில் நடந்த சண்டையில் சிம்மெரிட் பூசிய டைகர் இருக்க வழியில்லை. எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று உண்டு. நார்மண்டி வயல்களைச் சுற்றிப் புதர் அடர்ந்திருந்த வேலி மேடுகளைக் குத்திக் கிழிக்க ஷெர்மனின் மூக்கில் வெல்டு செய்த இரும்புக் கொம்புகள். அவற்றில் பலவற்றைச் செய்தது ஜெர்மானியர்கள் கடற்கரையில் நட்டு வைத்திருந்த இரும்புத் தடுப்புகளை வெட்டித்தான். ஆக, நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கிய முதல் நாளான ஜூன் 6 அன்று கரையிறங்கும் டாங்கிக்கு அந்தக் கொம்பை மாட்டினால், இன்னும் கடற்கரையில் நிற்கும் இரும்பை வண்டியிலும் மாட்டியதாகிவிடும். உங்களுடையது ஜூலை, அதுவும் அந்த மாதக் கடைசி என்றால், கொம்பு தாராளமாக வைக்கலாம்.

ஸ்கேல் விஷயத்தில் மட்டும் நான் அவ்வளவு கறார் இல்லை. 1/35 என்ற அளவே கணக்குப் போட்டு வந்ததல்ல. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானிய மாடல் நிறுவனமான தமியா மோட்டாரில் ஓடும் பாந்தர் கிட் ஒன்றைச் செய்தபோது, உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்கும் அளவுக்கு உடலைச் செய்தார்கள். பிறகு அளந்து பார்த்தால் அது ஏறக்குறைய 1/35. அதுவே உலகம் முழுக்க நிலைத்துவிட்டது. ஒரு சிப்பாய் 48 மி.மீ., இன்னொருவன் 51 மி.மீ. என்றால் கவலைப்படாதீர்கள், மனிதர்களும் அப்படித்தான். ஆனால் ஹெல்மெட்டும் துப்பாக்கியும் ஆளுக்கு ஆள் வேறு அளவில் இருக்கக் கூடாது. அவை ஆலையில் ஒரே அச்சில் வந்தவை.

இப்போது உங்கள் ஐந்து பேருக்கு வருகிறேன். ஒருவன் சுடுகிறான், ஒருவன் வரைபடம் பார்க்கிறான், ஒருவன் சிகரெட் பற்ற வைக்கிறான், இருவர் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஐந்து பேரும் ஐந்து வேறு வேறு நிமிடங்களில் இருக்கிறார்கள். பத்தடி தள்ளி ஒருவன் சுட்டுக்கொண்டிருந்தால் மற்றவர்கள் குனிந்திருப்பார்கள். கிட் பெட்டியில் வந்த உருவங்களை அப்படியே நிறுத்தினால் இதுதான் நேரும். ஒரே நிமிடத்தைத் தேர்ந்தெடுங்கள். என் யோசனை, சுடுபவனை எடுத்துவிடுங்கள். டியோராமா அசையாத கலை. அசையாத கணம்தான் அதற்கு நன்றாகப் பொருந்தும். பஞ்சில் செய்த குண்டு வெடிப்பு இரண்டாவது பார்வையிலேயே பஞ்சாகிவிடும். காத்திருப்பவன், களைத்து உட்கார்ந்தவன், எங்கோ சத்தம் கேட்டுத் தலை திருப்பியவன், இவர்களை எத்தனை நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருக்கலாம். பார்வையின் திசையையும் கவனியுங்கள். மூன்று பேர் ஒரே ஜன்னலைப் பார்த்தால், நாமும் அந்த ஜன்னலைப் பார்ப்போம். கதை அங்கேயே தொடங்கிவிடும். 1970களில் அமெரிக்காவின் மோனோகிராம் நிறுவனக் கிட் பெட்டிகளுக்குள், ஷெப்பர்ட் பெய்ன் என்ற மாடல் கலைஞர் செய்த டியோராமாக்களின் வண்ணத் துண்டுப் பிரசுரங்கள் வரும். ஒரு தலைமுறையே அவற்றைப் பார்த்துத்தான் டாங்கியை மட்டும் கட்டாமல் காட்சியைக் கட்டக் கற்றுக்கொண்டது.

பெயின்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்குக் கை வந்திருக்கிறது. ஒன்று மட்டும். துருவைக் குறையுங்கள். டிராக்கும் எக்சாஸ்டும் துருப்பிடிக்கும், சரி. ஆனால் கரையிறங்கிச் சில வாரங்களே ஆன வண்டியின் கவசம் முழுக்க ஆரஞ்சு நிறத் துரு வழிவதற்கு நேரமே இருந்திருக்காது. தூசி, சேறு, எண்ணெய்க் கறை, ஆட்கள் ஏறி இறங்கும் இடத்தில் தேய்மானம், இவை போதும்.

மற்றவர் வேலையை எப்படி விமர்சிப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். முதலில் கைநீட்டும் தூரத்தில் நின்று, என்ன நடக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். செய்தவர் விளக்கிச் சொன்னால்தான் புரிகிறது என்றால் அதைச் சொல்லுங்கள். அடுத்து தொடும் இடங்கள், அடுத்து காலம், கடைசியில்தான் பெயின்ட். "இன்னும் வெதரிங் (தூசி, கறை, தேய்மானம் காட்டும் வேலை) வேண்டும்" என்பது செய்தவருக்கு உதவாது. "இடது டிராக்கின் முன்பாதி தரையைத் தொடவில்லை" என்றால் அன்றிரவே அவர் சரிசெய்வார். பக்கத்து மேஜையில் இருப்பதோடு ஒப்பிடாதீர்கள். அமெரிக்காவின் ஏ.எம்.பி.எஸ். என்ற கவச வாகன மாடல் கலைஞர்கள் அமைப்பின் போட்டிகளில் ஒவ்வொரு மாடலையும் ஒரு தர அளவோடு மட்டுமே ஒப்பிட்டு மதிப்பிடுகிறார்கள். எனக்கு அந்த முறைதான் நியாயமாகப் படுகிறது.

உங்களுடையதை உடைத்து மறுபடி கட்ட வேண்டியதில்லை. நானும் அப்போது முழுசாக உடைக்கவில்லை. டாங்கியை எடுத்துவிட்டு, டிராக் இருந்த இடத்தில் மட்டும் 3 மி.மீ. ஆழத்துக்குத் தரையைச் சுரண்டி, புதுக் களி போட்டு உட்கார வைத்தேன். பூட்ஸ்களைச் சுற்றிப் பசையும் மண்ணும் ஊட்டினேன். இரண்டு மாலை நேர வேலை. செய்து முடித்ததும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். மேலிருந்து வேண்டாம். தரையிலிருந்து நாலரை செ.மீ. உயரத்தில், அந்தச் சிப்பாயின் கண்மட்டத்தில் ஃபோனை வைத்து எடுங்கள். எங்கே இடைவெளி மிச்சம் இருக்கிறது என்று சேர்ந்து பார்ப்போம்.