டீச்சரிடம் கேளுங்கள்: புதுவீட்டில் முதல் நத்தார்

கேள்வி: அன்புள்ள டீச்சர், கல்லடியில் வீடு கட்டி ஆவணியில் குடிபுகுந்தோம். பாதர் வந்து மந்திரித்துத் தந்தார். இன்னும் சீலிங் அடிக்கவில்லை, பின்சுவர் பூசவில்லை, மலசலகூடமும் ஒன்றுதான். எங்கள் குடும்பத்தின் நத்தார்ச் சாப்பாடு எப்போதும் தாண்டவன்வெளியில் அம்மாவின் வீட்டில்தான் நடக்கும். அந்த வீடு அக்காவுக்குச் சீதனமாகப் போனது. அம்மாவும் அக்காவோடுதான் இருக்கிறா. இந்த முறை அம்மா, "சின்னவள்ட புதுவீட்டில வைப்பம்" என்று சொல்லிவிட்டா. கொழும்பிலிருந்து மாமா குடும்பம், கனடாவிலிருந்து தம்பி குடும்பம், களுவாஞ்சிக்குடியிலிருந்து என் கணவரின் ஆட்கள் (அவர்கள் சைவ சமயம்) என்று எல்லாமாக 23 பேர். அதில் 14 பேர் இரண்டு இரவு தங்குவார்கள். அம்மா சொன்ன நாளிலிருந்து அக்கா முகம் கொடுத்துப் பேசுகிறா இல்லை. கடன் எடுத்தாவது சீலிங்கை அடித்து முடிப்போமா என்று யோசிக்கிறேன். எனக்கு எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை.
— கல்லடி வாசகி

பதில்: தங்கச்சி, சீலிங்குக்குக் கடன் எடுக்காதீங்க. கையில் கொஞ்சம் காசு இருந்தால் அதை மலசலகூடக் குழிக்குச் செலவழியுங்கள். நத்தார்ப் பக்கத்தில் இதை எழுதுகிறேனே என்று நினைக்க வேண்டாம். நாற்பது வருடமாக வீட்டில் ஆட்களை வைத்துச் சமைத்த அனுபவத்தில் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்.

கல்லடி மணல் தரை. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். மார்கழி மழைக்கு நிலத்தடி நீர் மேலே வந்துவிடும், கிணற்றில் கை எட்டும் தூரத்தில் தண்ணீர் நிற்கும். அந்த நேரத்தில் குழிக்குள் போவது மணலுக்குள் இறங்காது. நாலு பேர் இருக்கும் வீட்டில் அது தெரியாது. 23 பேர் வந்த அன்றைக்கு, அதுவும் சாப்பாடு முடிந்து எல்லோரும் ஆறுதலாக இருக்கிற நேரத்தில்தான் தெரியும். எங்கள் வீட்டு முதல் நத்தாரில் அப்படித்தான் நடந்தது. மாமியும் மச்சாள்மாரும் குடையைப் பிடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்வந்தார்கள். அந்த வீட்டார் மனம் கோணாமல் கதவைத் திறந்து வைத்தார்கள். அந்த நன்றியை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. டிசம்பர் நடுப்பகுதிக்குள் பவுசரைக் கூப்பிட்டுக் குழியை உறிஞ்சி எடுப்பித்துவிடுங்கள். நத்தாருக்கு முதல் நாள் கூப்பிட்டால் வரமாட்டார்கள்.

அடுத்தது தண்ணீர். உங்கள் வீட்டில் 1000 லீற்றர் தாங்கி இருக்கும் என்று நினைக்கிறேன். தங்கும் 14 பேரும் வீட்டுக்காரர் நாலு பேரும் ஆளுக்கு 30 லீற்றரில் குளித்தாலே 540 லீற்றர் போய்விடும். மலசலகூடம், சட்டிபானை, கை கழுவுவது எல்லாம் அதற்கு மேல். காலை பத்து மணிக்குத் தாங்கி வெறுமை. அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போனால் மோட்டர் ஓடாது. 200 லீற்றர் பீப்பாய் இரண்டை இரவல் வாங்கி 24ஆம் திகதி பகலே நிரப்பி மூடி வையுங்கள். கிணற்றடியில் வாளியும் கயிறும் இருக்கட்டும். தம்பியின் பிள்ளைகளுக்குக் கிணற்றில் அள்ளிக் குளிப்பதுதான் பெரிய சந்தோசமாக இருக்கும், பாருங்கள். குடிக்கும் தண்ணீரை மட்டும் கட்டாயம் கொதிக்க வைத்து ஆறவைத்துக் கொடுங்கள். மழைக்காலக் கிணற்றை நம்பி வெளிநாட்டுப் பிள்ளைகளின் வயிற்றைக் கெடுக்க வேண்டாம்.

இனி அக்கா. உங்கள் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரிதான் இருக்கிறது. ஆனால் கடிதம் எழுத வைத்ததே அந்த வரிதான் என்று நினைக்கிறேன்.

எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்குப் போகிறது. வீட்டோடு விருந்தும் போகிறது. உங்கள் அக்கா அந்த வீட்டைச் சீதனமாக வாங்கியபோது நத்தார்ப் பானையையும் சேர்த்துத்தான் வாங்கினா. இத்தனை வருடமும் விடியப்புறம் எழும்பி அடுப்பு மூட்டியது அவ. இப்போது அம்மா ஒரு வார்த்தையில் அந்தப் பானையைத் தூக்கி உங்கள் வீட்டில் வைத்துவிட்டா. அம்மா அன்பில்தான் சொன்னா, புதுவீடு நிறைய வேண்டும் என்று. ஆனால் அக்காவிடம் ஒருவரும் கேட்கவில்லை.

நானும் மூத்தவள். என் தங்கச்சி ஆரையம்பதியில் வீடு கட்டி நத்தாரைத் தன் வீட்டில் வைப்பதாகச் சொன்ன வருடம், நான் பெரிய தாச்சியைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு அதற்குப் பக்கத்திலேயே கனநேரம் குந்தியிருந்தேன். கோபம் இல்லை. கைக்கு வேலை இல்லாமல் போனதுதான் தாங்க முடியவில்லை. 23ஆம் திகதி பின்னேரம் மழையில் நனைந்துகொண்டு அவள் வந்தாள். "அக்கா, தாச்சியத் தா. நீயும் வெள்ளண வா. உப்புப் பார்க்க எனக்குத் தெரியாது" என்றாள். அவளுக்கு உப்புப் பார்க்க நன்றாகவே தெரியும். மறுகா நான் ஒன்றும் பேசவில்லை, சீலையை மாற்றிக்கொண்டு அன்றைக்கே போய்விட்டேன்.

நீங்களும் போங்கள். போனில் கதைக்க வேண்டாம், கல்லடிப் பாலத்தைத் தாண்டிப் பத்து நிமிடம்தான். 2013இல் புதுப்பாலம் திறப்பதற்கு முன்னர் ஒற்றை வழிப் பழைய பாலத்தில் காத்துநின்று போனவர்கள் நாங்கள். உங்களுக்கு அந்தச் சாட்டும் இல்லை. போய், "உதவிக்கு வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீங்க. உதவிக்கு வருவது விருந்தாளி செய்கிற காரியம். கோழிக்கறியை முழுசாக அக்காவின் பொறுப்பில் விடுங்கள். எந்தச் சட்டி, எத்தனை கிலோ, யார் தேங்காய் துருவுவது என்பதெல்லாம் அவவே சொல்லட்டும். அம்மா வீட்டுக் குடிலில் வைக்கும் பழைய சொரூபங்களைக் கேட்காதீங்க, அவை அங்கேயே இருக்க வேண்டும். உங்கள் வீட்டுக்குச் சின்னதாக ஒரு புதுக்குடில் போதும், அதை அக்காவின் பிள்ளைகள் வந்து கட்டட்டும்.

இன்னுமொன்று. நடுச்சாமப் பூசை முடிந்ததும் எல்லோரும் நேரே அக்கா வீட்டுக்குப் போங்கள். கேக்கும் தேத்தண்ணியும் அங்கே. காலைச் சாப்பாடு, இடியப்பமும் குழம்பும், அதுவும் அங்கேயே. மத்தியானச் சாப்பாடு உங்கள் வீட்டில். இதை நீங்களே அம்மாவிடம் சொல்லுங்கள், அக்கா கேட்கும்படியாகச் சொல்லுங்கள். உங்களுக்கும் காலையில் வீடு ஒதுக்க நேரம் கிடைக்கும்.

சமையல் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு கிலோ சம்பா அரிசி எட்டுப் பேருக்குக் காணும். 23 பேருக்கு மூன்றரைக் கிலோ போடுங்கள், குறைந்துபோகக் கூடாது. கோழி ஆறு கிலோ. ஒரு இறால் கறி, கத்தரிக்காய், கஜுக் கறி, சலாது. சட்டித் தயிர் மட்டக்களப்பு வீட்டில் இல்லாமல் முடியாது, கொழும்பு மாமா அதற்காகவே வருவார். தயிருக்கு ஒரு வாரத்துக்கு முன்பே சொல்லி வையுங்கள். ஒரு 12.5 கிலோ காஸ் சிலிண்டரை மட்டும் நம்ப வேண்டாம். பின்னால் தறப்பாள் கட்டி மூன்று கல் வைத்து விறகடுப்பும் போடுங்கள். விறகை இப்போதே வாங்கி வீட்டுக்குள் அடுக்குங்கள். மார்கழியில் வாங்கும் விறகு புகையத்தான் செய்யும், எரியாது.

உங்கள் கணவரின் ஆட்களைப் பற்றி யோசித்தீர்களா? நத்தார் நேரம் திருவெம்பாவையோடு சேர்ந்து வரக்கூடிய காலம். பிள்ளையார் கதை விரதமும் கார்த்திகையிலிருந்து மார்கழிக்குள் வருவது. மாமியிடம் முன்கூட்டியே கேளுங்கள்: "மாமி, அன்றைக்கு ஆருக்கு விரதம், ஆர் மச்சம் சாப்பிடுவாங்க?" மரக்கறியை மச்சத்துக்கு முன்னமே, வேறு அடுப்பில், வேறு சட்டி அகப்பையில் சமைத்து இறக்கி மூடி, மேசையிலும் தள்ளி வையுங்கள். கேக்கில் முட்டை இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுங்கள். மாமி முறுக்குச் சுட்டுக் கொண்டுவருகிறேன் என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லாதீங்க. பெரிய தட்டில் கொட்டி நடுவில் வையுங்கள். சம்பந்தி வீட்டுப் பண்டம் உங்கள் மேசையில் இருப்பதை அக்காவும் அம்மாவும் பார்க்க வேண்டும், மாமியும் பார்க்க வேண்டும்.

படுக்கைக்குப் பன்பாயும் நுளம்பு வலையும் தேவை. அது டெங்குக் காலம். சிரட்டை, பூச்சட்டி, கட்டட வேலையில் மிஞ்சிய வாளி எல்லாவற்றிலும் நிற்கும் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். வயதானவர்களை மலசலகூடத்துக்குக் கிட்ட உள்ள அறையில் படுக்க வையுங்கள். சீலிங் இல்லாத வீட்டில் மழை தகரத்திலோ ஓட்டிலோ விழும் சத்தம் நன்றாகக் கேட்கும். உங்கள் தம்பி கனடாவில் எத்தனையோ வருடம் அதைக் கேட்காமல் படுத்திருக்கிறான்.

கேள்வி: பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பம் பெருநாளுக்கு எங்களுக்கு வட்டிலப்பம் தராமல் விட்டதில்லை. நத்தார் கேக்கில் பிராண்டி சேர்ப்பதால் நான் பிஸ்கட் பெட்டிதான் வாங்கிக் கொடுக்கிறேன். என் கையால் செய்து கொடுக்க வழி உண்டா?
— கல்முனை வாசகி

பதில்: உண்டு. பூசனித் தோசி, இஞ்சித் தோசி, சுல்தானா, செரி எல்லாவற்றையும் ஒறேஞ்ச் சாற்றிலும் கடும் சாயத் தேத்தண்ணியிலும் ஊறவிடுங்கள். பிராண்டியில் ஊறுவதுபோல மாதக்கணக்கில் வைக்க முடியாது. குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மூன்று நாள் போதும். கேக்கும் நெடுநாள் தாங்காது, நத்தாருக்கு இரண்டு நாள் முன்பு சுட்டுக் கொடுங்கள். வனிலா எசன்ஸ் போத்தலையும் வாசித்துப் பாருங்கள், சிலதில் மதுசாரம் இருக்கும். ரோஸ் வாட்டரும் ஏலக்காயும் மணத்துக்குக் காணும். உங்கள் வீட்டுக் கேக்குக்கு முதல் இதைச் சுடுங்கள், பாத்திரமும் வேறாக இருக்கட்டும். கொண்டுபோய்க் கொடுக்கும்போது என்னென்ன போட்டீர்கள் என்று வாயால் சொல்லிக் கொடுங்கள். அவர்கள் கேட்கக் கூச்சப்படுவார்கள்.

கேள்வி: நத்தாருக்கு வெளிநாட்டுச் சொந்தங்கள் வருகிறார்கள். 26ஆம் திகதி காலையில் பிள்ளைகளைக் கடலில் குளிக்கக் கூட்டிப்போக வேண்டுமாம். என் கணவர் சுனாமியில் தாயையும் இரண்டு சகோதரிகளையும் இழந்தவர். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் என்ன செய்வது?
— பெரியகல்லாறு வாசகி

பதில்: நீங்கள் சொல்லிவிடுங்கள், மகள். அவர் சொல்லமாட்டார். 2004இல் அந்த நாள் ஞாயிற்றுக்கிழமை, போயா தினமும்கூட. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் நாவலடியிலும் திருச்செந்தூரிலும் நத்தார்ச் சோடனையோடு நின்ற வீடுகள் அப்படியே போயின. மார்கழிக் கடல் குளிக்கத் தக்க கடலும் அல்ல, வாடைக்காற்றில் அலை பெரிது. இந்த ஒரு காரணமே போதும் என்று விருந்தாளிகளிடம் தொடங்குங்கள். மறுகா மற்றதையும் சொல்லுங்கள், மறைக்க வேண்டாம்.

நட்சத்திர விளக்கை அணைக்கத் தேவையில்லை, பாட்டை மட்டும் நிறுத்துங்கள். காலை 9.25க்கு இரண்டு நிமிடம் நாடு முழுக்க மௌனமாக நிற்பார்கள், அதற்கு முன் எல்லோரும் பூவோடு கரைக்குப் போய்விடுங்கள். பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். "இவங்க ஆர்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். கணவரின் தாயின் பெயரை, அந்தச் சகோதரிகளின் பெயரை, எந்தப் பள்ளியில் படித்தார்கள், எந்தக் கறி அவர்களுக்குப் பிடிக்கும் என்பதையெல்லாம் சொல்லிக் கொடுங்கள். சொல்லிக்கொண்டிருக்கும்போது அவரும் ஒள்ளுப்பம் சேர்ந்து சொல்லத் தொடங்குவார். அப்போது நீங்கள் நிறுத்திக்கொள்ளுங்கள், அவர் சொல்லட்டும்.