கம்பி தெரியும் பாலத்துக்குச் சிமென்ட் பூச்சு போதுமா?

கேள்வி: ஏற்காடு அடிவாரத்தில் எங்கள் ஊர் ஓடைமேல் ஒரு பழைய கான்கிரீட் பாலம். அடிப்பக்கம் பெயர்ந்து கம்பி தெரிந்தது. போன வருஷம் சிமென்ட் பூசினார்கள். இப்போது அதுவும் விழுகிறது. டிப்பர் லாரிகள் போகின்றன. பயப்பட வேண்டுமா? - வாசகர், சேலம்

பதில்: கம்பி தெரிகிறது என்பதற்காகப் பாலம் நாளைக்கே இறங்கிவிடாது. பூசிய சிமென்டும் விழுகிறது என்றீர்களே, அதுதான் கவலை.

நல்ல கான்கிரீட்டில் காரத்தன்மை அதிகம். அதை அளக்கும் பிஎச் எண் 12-க்கு மேல் இருக்கும். அந்தக் காரம்தான் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு வருஷக்கணக்கில் உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் குறைக்கிறது. பிஎச் 9-க்குப் பக்கத்தில் வந்து, ஈரமும் சேர்ந்தால் துரு ஆரம்பம். அரிபட்ட இரும்பைவிட துருவுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் இடம் வேண்டும். அது நெட்டித் தள்ளித்தான் கான்கிரீட் பெயர்கிறது. காரமிழந்த பகுதியைக் கம்பிக்குப் பின்னால் வரை கொத்தி எடுத்து, துருவைச் சுரண்டிய பிறகே பூச வேண்டும். அப்படிச் செய்யாமல் மேலாகப் பூசினால் உள்ளே நடப்பது கண்ணுக்கே தெரியாது. அதற்குச் சும்மா விட்டிருந்தாலே தேவலை.

சேலத்தில் கடற்காற்று இல்லை, உப்பு அரிப்பை விட்டுவிடலாம். இங்கே கெடுப்பது மழைத் தண்ணீர். பாலத்தின் மேலே போய்ப் பாருங்கள். ஓரத்து வடிகுழாய்கள் மண் அடைத்துக் கிடக்கின்றனவா? இரண்டு சிலாப் சேரும் இடுக்கு வழியாக ஒழுகி, பீம் முனையும் அதன் அடியில் பாரத்தைத் தாங்கும் பேரிங்கும் நனைகின்றனவா? அப்புறம் தார். பழையதைச் சுரண்டாமல் 5 செ.மீ. ஏற்றினால் சதுர மீட்டருக்கு நூறு கிலோவுக்கு மேல் கூடுகிறது. லாரி வந்து போய்விடும், இந்தப் பாரம் இறங்கவே இறங்காது.

விரிசல் கம்பியின் போக்கிலேயே நீளமாக ஓடினால் பெரும்பாலும் துரு வேலை. தூணை ஒட்டிய பீம் முனையில் சாய்வாக விரிசல் தெரிந்தால் விஷயம் வேறு. பொறியாளர் வந்து பார்க்கும்வரை கனரக வாகனங்களை நிறுத்தச் சொல்லுங்கள். மலை ஓடை என்பதால் வெள்ளம் வடிந்ததும் அஸ்திவாரத்தைப் பார்ப்பதும் முக்கியம். அடிமண் அரித்துப் போயிருந்தால் மேலே எவ்வளவு பூசினாலும் பிரயோசனமில்லை.

சாலை நெடுஞ்சாலைத் துறையுடையதா, ஊராட்சி ஒன்றியத்துடையதா என்று தெரிந்துகொண்டு, படங்களோடும் பாலத்தில் எழுதியுள்ள எண்ணோடும் மனு கொடுங்கள். "பழுது பார்க்கவும்" என்று மட்டும் எழுதினால் மறுபடி பூச்சுதான் வரும். பினால்ப்தலீன் சோதனை கேளுங்கள். புதிதாகக் கொத்திய இடத்தில் அந்தத் திரவத்தைத் தெளித்தால் காரம் உள்ள பகுதி ரோஸ் நிறமாகும், இழந்த பகுதி அப்படியே இருக்கும். நிறம் மாறாத ஆழம் எத்தனை மில்லிமீட்டர் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.