பழைய சீனாவில் பெண்கள் பட்ட பாட்டைச் சொல்லும் கதைகளில் உங்கள் மனதை விட்டு அகலாதது எது?

சீன எழுத்தாளர் லூ சுன் 1924-ல் எழுதிய ‘புத்தாண்டுப் படையல்’ என்ற சிறுகதை. நான் ஆங்கில வழியாகத்தான் படித்தேன். கண்ணீர்க் கதையாக இருக்கும் என்று நினைத்து உட்கார்ந்தால், என்னைப் பிடித்துக்கொண்டது அதில் வரும் காசுக் கணக்கு.

வீட்டு வேலைக்கு வரும் ஒரு விதவைதான் கதை. அவளுக்கென்று பெயர் கிடையாது. செத்துப்போன புருஷன் ஷியாங்லின் என்பதால் இவள் ‘ஷியாங்லின் அண்ணி’. குடும்பப் பெயரையாவது கேட்டார்களா என்றால் அதுவும் இல்லை. கூட்டிவந்த தரகுக் கிழவி வெய் குடும்பத்துக்காரி; இவளும் அந்தப் பக்கத்துக்காரிதானே, வெய்யாகத்தான் இருக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். புருஷன் இவளைவிட 10 வயது சின்னவன். மாமியாருக்கே முப்பது சொச்சம்தான். அந்த மாமியாரிடமிருந்து தப்பித்துத்தான் வந்திருக்கிறாள்.

மாதம் 500 காசு சம்பளம். மூன்றரை மாதத்தில் 1,750 சேர்கிறது, ஒரு காசைக்கூடத் தொடவில்லை. அப்புறம் ஒருநாள் ஆற்றில் அரிசி களையப் போனவளை ஆள் வைத்துப் படகுக்குள் இழுத்துப் போடுகிறார்கள். அந்த 1,750 காசையும் மாமியாரே வாங்கிக்கொண்டு போகிறாள். மாமியார் கூப்பிடுகிறாள், நாம் என்ன சொல்ல முடியும் என்கிறார் வீட்டு எஜமானர். நன்றாகப் படித்த மனிதர் அவர்.

மாமியார் கெட்டிக்காரி. உள்ளூரில் கட்டிக்கொடுத்தால் விலை படியாது என்று, பெண் கொடுக்க யாரும் துணியாத மலைக்காட்டில் ஒருவனுக்கு 80,000 காசுக்கு விற்கிறாள். அதில் 50,000 இரண்டாவது மகனுக்குப் பெண் எடுக்கப் பரிசம். கல்யாணச் செலவு போகப் பத்தாயிரத்துக்கு மேல் மிச்சம். 80,000 என்பது அவளுடைய 13 வருடச் சம்பளத்துக்கும் மேலே. போட்டுப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன்.

அந்தப் புருஷனும் காய்ச்சலில் போகிறான். பிள்ளையை ஓநாய் தின்கிறது. வீட்டைப் புருஷனின் அண்ணன் எடுத்துக்கொள்கிறான். பழைய எஜமானர் வீட்டுக்கே திரும்பி வருகிறாள். ஆனால் இப்போது படையல் பாத்திரத்தைத் தொடக்கூடாது: இரண்டு தாலி கட்டியவள், தீட்டு. (சீனாவில் தாலி இல்லைதான், வேறெப்படிச் சொல்வது?) விற்றது ஒருத்தி, தீட்டு மட்டும் இவளுக்கு. கூட வேலை செய்யும் லியூ அம்மா இன்னொரு குண்டைப் போடுகிறாள்: செத்தபின் இரண்டு புருஷன்களும் உனக்காகச் சண்டை போடுவார்கள், எமன் உன்னை ரம்பத்தால் அறுத்துப் பங்கு வைப்பான். பரிகாரம், கோயிலுக்கு ஒரு வாசற்படி வாங்கி வைப்பது. ஊரே அதை மிதித்து நடந்தால் பாவம் தீருமாம். விலை 12,000 காசு.

கிட்டத்தட்ட ஒரு வருடம் வாயைத் திறக்காமல் உழைத்து, அதுவரை சேர்ந்த சம்பளத்தையெல்லாம் எடுத்து அந்தப் படியை வாங்கி வைக்கிறாள். குளிர்காலப் படையலன்று நிமிர்ந்த முகத்தோடு கிண்ணத்தை எடுக்கப் போகிறாள். “வை அதை, ஷியாங்லின் அண்ணி!” என்கிறாள் எஜமானி. சூடு பட்டவள் போலக் கையை இழுத்துக்கொள்கிறாள். அதற்கப்புறம் அவள் ஆளே இல்லை. வேலை போய், பிச்சைக்காரியாகி, ஊர் புத்தாண்டுக்குப் பட்டாசு வெடிக்கத் தயாராகும்போது சாகிறாள். அதற்கு முன்னால் வெளியூரில் படித்துவிட்டு வந்த கதைசொல்லியைப் பிடித்து, செத்தபின் ஆவி உண்டா என்று கேட்கிறாள். அவர் தடுமாறி, ‘சரியாகச் சொல்ல முடியாது’ என்று நழுவிவிடுகிறார். எனக்கு மாமியாரைவிட இவர் மேல்தான் கோபம் வந்தது.

இது பிடித்திருந்தால் இன்னொரு சீன எழுத்தாளர் ரௌ ஷி 1930-ல் எழுதிய ‘அடிமைத்தாய்’ கதையையும் தேடுங்கள். அங்கே விற்பனை இல்லை, அடகு. வேறொருவனுக்குப் பிள்ளை பெற்றுத்தர, புருஷனே மனைவியை அடகு வைக்கிறான்: 3 வருடம், 100 வெள்ளி. தவணை முடிந்து, அங்கே பெற்ற குழந்தையை விட்டுவிட்டுத் திரும்பி வந்தால், மூத்தவனுக்கு அம்மாவை அடையாளம் தெரியவில்லை. இரண்டு கதையையும் ஒரே நாளில் படிக்காதீர்கள்.